பிள்ளைகளோடு டிராம் பயணம்: எங்கே இறங்குவது?



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும். "எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள்" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நாமும் ஒரு வேனை வாடகைக்கு அமர்த்தி, விடியற்காலையில் புளிச்சோறு கட்டிக்கொண்டு புறப்படுவோம். ஒரே நாளில் ஏழெட்டு இடங்களைப் பார்த்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்புவோம். சிறு பிள்ளைகளுக்கு அதுவே பெரிய மகிழ்ச்சி. பதின்மூன்று வயதைத் தாண்டியவர்களோ மூன்றாவது இடத்திலேயே வேனை விட்டு இறங்க மறுப்பார்கள். இறங்கினாலும் கைப்பேசியிலிருந்து தலை நிமிராது. "இதுகளைக் கூட்டி வந்ததே தண்டம்" என்று நாம் அலுத்துக்கொள்வோம்.

குறை பிள்ளைகளிடம் மட்டும் இல்லை. நாம் நிறுத்தங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையிலும் இருக்கிறது. இதை நான் ஒரு பழைய டிராம் வண்டியில் கற்றுக்கொண்டேன். அந்த அனுபவத்தையும், அந்த டிராமின் கதையையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் அண்ணன் மகன் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் வேலை பார்க்கிறான். அவன் டிக்கெட் எடுத்து அனுப்பியதால், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுமுறையில் நான் அங்கே போய்வந்தேன். என்னோடு வந்தவர்கள் மூன்று பிள்ளைகள்: பதினாறு வயதான என் மகன், பதின்மூன்று வயதான என் மகள், பதினைந்து வயதான அண்ணன் மகள். அம்மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றின் வளைவில் அமைந்துள்ள பெரிய நகரம் நியூ ஆர்லியன்ஸ். அங்கேதான் செயின்ட் சார்ல்ஸ் டிராம் ஓடுகிறது.

டிராம் என்றால் நம் பிள்ளைகளுக்கு அவ்வளவாகத் தெரியாது. நம் பினாங்குத் தீவிலும் 1906 முதல் 1936 வரை மின்சார டிராம் ஓடியது. சாலையிலேயே தண்டவாளம் போட்டிருப்பார்கள். வண்டியின் கூரையிலிருந்து ஒரு நீண்ட கோல் எழுந்து, மேலே செல்லும் மின்கம்பியைத் தொட்டுக்கொண்டே வரும். அந்தக் கோல் வழியாக இறங்கும் மின்சாரம் வண்டிக்கு அடியிலுள்ள மோட்டாரைச் சுழற்றிவிட்டுத் தண்டவாளம் வழியாகத் திரும்பிப் போகும். புகையில்லை, பெரும் சத்தமும் இல்லை.

செயின்ட் சார்ல்ஸ் பாதையில் வண்டி ஓடத் தொடங்கியது 1835ஆம் ஆண்டு. இன்றளவும் விடாமல் இயங்கிவரும் டிராம் பாதைகளில் உலகிலேயே மிகப் பழமையானது இதுதான் என்று கூறுவர். முதலில் நீராவி எஞ்சின் இழுத்தது. பிறகு குதிரையும் கோவேறு கழுதையும் இழுத்தன. 1893இல் மின்சாரம் வந்தது. இப்போது ஓடும் பச்சை நிற வண்டிகள் 1923, 1924ஆம் ஆண்டுகளில் பெர்லி தாமஸ் நிறுவனம் செய்து கொடுத்தவை. மரப் பலகை இருக்கைகள், பித்தளைப் பிடிகள், இறக்கி ஏற்றும் சன்னல்கள். குளிர்சாதனம் கிடையாது, காற்றுதான். பாதை ஒரு வழிக்குச் சுமார் பத்தரைக் கிலோமீட்டர். முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். நாள் முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்குவதற்கான பயணச்சீட்டும் உண்டு.

அந்தச் சீட்டுதான் எனக்கு வினையாயிற்று. எத்தனை முறையும் இறங்கலாம் என்றால் சும்மா விடலாமா? முதல் நாள் ஒன்பது இடங்களைக் குறித்துக்கொண்டு புறப்பட்டேன். அந்த ஊர் வெயில் நம் ஊர் வெயிலைப் போலவே வியர்த்துக் கொட்ட வைப்பது. ஒவ்வோர் இடத்திலும் இறங்கினோம், படம் எடுத்தோம், அடுத்த வண்டிக்காக மரத்தடியில் காத்து நின்றோம். ஐந்தாவது இடத்தில் என் மகளுக்குத் தலை சுற்றியது. வண்டியிலும் நிறுத்தத்திலும் கழிப்பறை இல்லை என்பதை நான் முன்கூட்டி யோசிக்கவில்லை. அண்ணன் மகள் வாயைத் திறக்கவே இல்லை. மாலையில் என் மகன், "அம்மா, எல்லாம் ஒரே மாதிரி பெரிய வீடுகள். இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றான். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் இரவு படுத்த பிறகு யோசித்தால், அவன் கேட்டது நியாயமாகவே பட்டது. அந்த வீடுகளைப் பற்றி நான் அவனுக்கு ஒன்றுமே சொல்லவில்லை. எனக்கே தெரிந்திருந்தால் அல்லவா சொல்வதற்கு?

மறுநாள் நாங்கள் எங்கும் போகவில்லை. சமையலறை மேசையில் ஒரு தாளை விரித்து அந்தப் பாதையை ஒரு கோடாக வரைந்தேன். அண்ணன் மகன் தன்னிடமிருந்த வரலாற்று நூல்களை எடுத்துக் கொடுத்தான். பிறகு பிள்ளைகளிடம் மூன்று விதிகளைச் சொன்னேன். முதலாவது, இறங்குவது நான்கே இடங்களில். இரண்டாவது, ஆளுக்கோர் இடத்தை அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். நான்காவதை நான் தேர்ந்தெடுப்பேன். மூன்றாவது, தேர்ந்தெடுத்தவரே அந்த இடத்தைப் பற்றி மற்றவர்களுக்கு ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும். மற்ற இடங்களையெல்லாம் சன்னல் வழியாகப் பார்த்துக்கொள்வது. முதலில் முணுமுணுத்தார்கள். அரை மணி நேரத்தில் யாருக்கு எந்த இடம் என்று சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் சண்டை என் காதுக்கு இனிமையாகவே இருந்தது.

மூன்றாம் நாள் மீண்டும் டிராம் ஏறினோம். முதல் நிறுத்தம் லஃபாயெட் சதுக்கம். அது என் மகன் தேர்ந்தெடுத்தது. சதுக்கத்துக்கு எதிரே வெள்ளைத் தூண்களோடு நிற்கும் காலியர் மண்டபம், முன்னாளில் நகராட்சி மன்றமாக இருந்த கட்டடம். முதல் நாள் அதைப் படம் மட்டும் எடுத்தோம். இப்போது அங்கே நடந்ததை என் மகன் சொன்னான்.

ஜான் மெக்டொனா என்ற செல்வர் தம் சொத்தைப் பள்ளிகளுக்காக எழுதி வைத்துவிட்டுப் போனவர். அவரே அடிமைகளை வைத்திருந்தவரும்கூட. ஆண்டுதோறும் பள்ளி மாணவர்கள் ஊர்வலமாக வந்து இந்தச் சதுக்கத்தில் அவருடைய நினைவுச் சின்னத்துக்கு மலர் வைப்பது வழக்கம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் முதலில் வைப்பார்கள். அவர்கள் அனைவரும் முடிக்கும்வரை கறுப்பினப் பிள்ளைகள் வெயிலில் காத்து நிற்க வேண்டும். 1954ஆம் ஆண்டு மே மாதம் கறுப்பின ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் சேர்ந்து அந்த விழாவுக்கே போகாமல் இருந்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் வர வேண்டிய இடத்துக்கு மிகச் சிலரே வந்தார்கள். கல்லெறியவில்லை, கூச்சலிடவில்லை, வீட்டிலேயே இருந்தார்கள். அதே மாதம்தான் பள்ளிகளில் இனவாரியாகப் பிரித்து வைப்பது சட்டத்துக்குப் புறம்பானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

"அவர்களுக்கும் என் வயதுதான்" என்று என் மகன் சொல்லி முடித்தான். முதல் நாள் அவன் கையை விட்டு அகலாத கைப்பேசி அன்று சட்டைப் பையிலேயே இருந்தது.

மறுபடி வண்டி ஏறினோம். சிறிது தூரத்தில் வண்டி ஒரு வட்டத்தைச் சுற்றிச் செல்லும். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் படைத்தலைவர் லீயின் சிலை, 1884 முதல் அங்கே ஓர் உயர்ந்த தூணின் மேல் நின்றது. 2017இல் அதை நகராட்சி இறக்கிவிட்டது. 2022இல் அந்த இடத்துக்கு ஹார்மனி வட்டம், அதாவது இணக்க வட்டம் என்று பெயர் மாற்றினார்கள். நாங்கள் அங்கே இறங்கவில்லை. வண்டி சுற்றி வரும் நேரமே அதைச் சொல்லப் போதுமானது. சன்னலிலிருந்து பார்க்கத்தக்க இடத்தில் இறங்க வேண்டியதில்லை என்பதை நான் அங்கே தெரிந்துகொண்டேன். அடுத்து வரும் குறுக்குத் தெருக்கள் சிலவற்றுக்குக் கிரேக்கரின் ஒன்பது கலைத்தேவியரின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பிள்ளைகள் போட்டி போட்டு எண்ணிக்கொண்டு வந்தார்கள். மரக்கிளைகளில் வண்ண மணிமாலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. திருவிழா ஊர்வலத்தில் வீசி எறிந்த மாலைகளாம் அவை.

இந்த இடத்தில் நாங்கள் அமர்ந்திருந்த பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த நகரில் ஒரு காலத்தில் கறுப்பு மக்களுக்கென்று நட்சத்திரக் குறி போட்ட தனி வண்டிகள் இருந்தன. 1867ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் அம்மக்கள் துணிந்து மற்ற வண்டிகளில் ஏறினார்கள். இறக்கிவிட்டாலும் மறுபடி ஏறினார்கள். அதன் பலனாக அந்தப் பாகுபாடு ஒழிந்தது. ஆனால் 1902இல் மாநிலச் சட்டம் ஒன்று அதை மீண்டும் கொண்டுவந்தது. இம்முறை வண்டிக்குள்ளேயே பிரிவினை. இருக்கையின் மேல் எடுத்து மாட்டும் ஒரு மரப் பலகையில் கறுப்பினப் பயணிகளுக்கு என்று எழுதியிருக்கும். அதற்குப் பின்னால்தான் அவர்கள் உட்காரலாம். வெள்ளையர் கூட்டம் கூடினால் பலகை பின்னால் நகரும்; உட்கார்ந்திருந்த கறுப்பினத் தாய் எழுந்து நிற்க வேண்டும். 1958இல் நீதிமன்ற உத்தரவால்தான் அந்தப் பலகைகள் நீங்கின. இப்போது ஓடும் பச்சை வண்டிகள் அந்தக் காலத்திலும் ஓடியவை. இதை நான் சொன்னதும் அண்ணன் மகள் தன் முன்னாலிருந்த இருக்கையின் மேல்விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தாள்.

இரண்டாவது நிறுத்தம் அவள் கேட்ட தோட்ட வட்டாரம். தூண்களும் இரும்புப் பின்னல் மாடங்களும் கொண்ட மாளிகைகள் நிறைந்த பகுதி. முதல் நாள் என் மகன் அலுத்துக்கொண்டது இவற்றைப் பார்த்துத்தான். இது முன்பு லிவோதே என்ற குடும்பத்தின் தோட்டம். 1830களில் அதை வாங்கித் துண்டு போட்டு விற்றார்கள். பணக்கார வணிகர்கள் வந்து வீடு கட்டினார்கள். டிராம் பாதை வந்ததும் அதையொட்டி இப்படியே தோட்டத்துக்குப் பின் தோட்டமாக நகரம் வளர்ந்தது. அதாவது, பாதையின் இருபுறமும் நாங்கள் பார்த்த வீடுகள் நின்ற நிலமெல்லாம் ஒரு காலத்தில் தோட்ட நிலம். வேலை செய்தவர்கள் அடிமைகள். வீட்டை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

மதிய உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீண்ட ரொட்டியைப் பிளந்து உள்ளே பொரித்த இறால் வைத்துத் தருவார்கள். அதற்குப் போ பாய், அதாவது ஏழைப் பையன் என்று பெயர். 1929ஆம் ஆண்டு ஜூலை மாதம் டிராம் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். முன்பு டிராமில் கண்டக்டர்களாக இருந்து பிறகு உணவுக் கடை வைத்த மார்ட்டின் சகோதரர்கள், வேலை நிறுத்தக்காரர்களுக்கு இலவசமாக உணவு கொடுத்தார்கள். கடைக்குள் யாராவது வந்தால், "இதோ இன்னொரு ஏழைப் பையன் வருகிறான்" என்பார்களாம். ரொட்டிக்குப் பெயர் வந்தது அப்படித்தான் என்று சொல்லப்படுகிறது. சம்பளம் இல்லாத நாளில் யார் வீட்டிலிருந்து அரிசி வந்தது என்று நம் தோட்டத்துப் பெரியவர்கள் மறக்காமல் சொல்வதுண்டு அல்லவா? இந்தக் கதையை எங்கள் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

மூன்றாவது நிறுத்தம் ஆடுபன் பூங்கா. அதை நான் தேர்ந்தெடுத்தேன். பெரிய ஓக் மரங்கள், குளம், வாத்துகள், ஓடிப் பயிற்சி செய்பவர்கள். பார்ப்பதற்கு நம் தாமான் பூங்கா ஒன்றின் பெரிய வடிவம், அவ்வளவே. ஆனால் இந்த நிலம் எத்தியென் தெ போரே என்பவரின் தோட்டமாக இருந்தது. அவுரிப் பயிரைப் பூச்சி அழித்துவிட்டதால் அவர் கரும்புக்கு மாறினார். 1795இல் கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை மணியாக்கி இலாபம் கண்டார். அதைப் பார்த்து லூசியானா முழுவதும் கரும்புத் தோட்டங்கள் பெருகின. அவர் பின்னாளில் அந்நகரின் மேயராகவும் ஆனார்.

அந்தக் கரும்பை வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும். லூசியானாவில் குளிர்காலத்தில் உறைபனி விழும். விழுந்தால் கரும்பு கெட்டுவிடும். ஆகவே வெட்டும் பருவத்தில் இரவு பகல் இல்லாமல் ஆலை ஓடும். கொதிக்கும் கொப்பரைகளின் முன்னால் உறக்கமில்லாமல் நிற்பார்கள். அவர்களுக்கு விடுதலை கிடைத்தது 1865இல்.

இந்த இடத்தில் நான் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொன்னேன். பால்மரத்துக்கு முன்பே நம் மக்கள் மலாயாவுக்கு வந்தது கரும்புக்காக. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்தார்கள். ஒப்பந்தக் கூலியும் அடிமையும் ஒன்றல்ல. நம்மவர்களை யாரும் சந்தையில் விற்கவில்லை. ஒப்பந்தத்துக்கு ஒரு முடிவு இருந்தது. அவர்கள் பட்டதையும் நம்மவர்கள் பட்டதையும் ஒரே தராசில் வைப்பது சரியன்று. ஆனாலும் உலகம் டீயில் போட்டுக் கலக்கிய சர்க்கரைக்குப் பின்னால் இருந்த கைகளில் நம் கைகளும் உண்டு. பிள்ளைகள் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் குளக்கரையிலேயே உட்கார்ந்திருந்தோம். நானும் அவர்களை அவசரப்படுத்தவில்லை.

கடைசி நிறுத்தம் என் மகள் கேட்டது. பாதை வளைந்து கேரல்டன் பகுதிக்குள் திரும்பும் இடத்தில் ஆற்றங்கரை. வெள்ளத்தைத் தடுக்க எழுப்பிய உயர்ந்த மண்கரையில் ஏறினால் மிசிசிப்பி ஆறு தெரியும். 2005 ஆகஸ்டில் கத்ரினா புயல் வந்தபோது நகரைக் காக்கும் தடுப்புகள் பல இடங்களில் உடைந்து, நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. வேறொரு பாதையின் புதிய சிவப்பு டிராம்கள் நீரில் கெட்டுப்போயின. மேட்டு நிலத்துக் கொட்டகையில் நின்ற பழைய பச்சை வண்டிகள் தப்பித்தன. ஆனால் அவற்றின் மின்கம்பிகள் அறுந்துபோயிருந்தன. 2007 கடைசியில் பாதி வழிக்கும், 2008இல் முழு வழிக்கும் அவை மீண்டும் ஓடின. என் மகள் இதைச் சொல்லிவிட்டு, "பழைய வண்டிதான் தப்பிச்சுச்சு" என்று கைதட்டினாள்.

பாதையின் கடைக்கோடியில் ஓட்டுநர் தம் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு வண்டியின் மறுமுனைக்குப் போவார். இருக்கைகளின் சாய்மானத்தைத் தள்ளினால் அவையும் மறுபக்கம் திரும்பிவிடும்; பின்புறம் முன்புறமாகிவிடும். பிள்ளைகள் மூவரும் ஓடி ஓடி எல்லா இருக்கைகளையும் திருப்பி வைத்தார்கள். அன்று யாருக்கும் களைப்பு இல்லை. முதல் நாளைவிடப் பாதி இடங்களைத்தான் பார்த்திருந்தோம்.

நேயர்களே, இந்தப் பயணத்தின் பயனை நான் நம் நாட்டுக்குத் திரும்பிய பிறகே கண்டேன். என் தாயார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். என் மகன் இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகு, தன் சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் பட்டணத்தின் பெயரைத்தான் சொல்வான். தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டான். எனக்கு அது தெரியும், கேட்கவும் மனமில்லை. ஊர் திரும்பிய வாரத்தில் அவன் தன் பாட்டியிடம் போய் உட்கார்ந்தான். "பாட்டி, உங்கள் லயம் எங்கே இருந்தது? காட்டுவீர்களா?" என்று கேட்டான். அம்மாவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. "அங்கே என்ன இருக்குது பார்க்க? எல்லாம் செம்பனைதான்" என்றார். இருந்தும் மறுநாள் போனார்கள். லயம் இல்லை; தண்ணீர்க் குழாய் இருந்த சிமெண்டு மேடை மட்டும் புல்லுக்குள் கிடந்தது. அதில் நின்றுகொண்டு அவர் பிரட்டுக்குக் கிளம்பிய நேரத்தையும், தம் நிரை தொடங்கிய இடத்தையும், பக்கத்து வீடுகளில் யார் யார் இருந்தார்கள் என்பதையும் ஒரு மணி நேரம் சொன்னார். பேரன் கேட்டுக்கொண்டு நின்றான். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் அந்த டிராம் வண்டிக்கு நன்றி சொல்வேன்.

ஆகவே பெற்றோர்களே, நியூ ஆர்லியன்ஸுக்குப் போக வேண்டியதில்லை. பினாங்குக்குப் போனாலும், மலாக்காவுக்குப் போனாலும், கோலாலம்பூருக்குப் போனாலும் இந்தச் சிலவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு நான்கு இடங்களுக்கு மேல் வேண்டாம். பயணத்துக்கு முதல் நாளே பிள்ளைகளை உட்கார வைத்து ஆளுக்கோர் இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தைப் பற்றி அவர்களையே பேசச் சொல்லுங்கள். குடிநீர், நிழல், கழிப்பறை ஆகிய மூன்றும் எங்கே கிடைக்கும் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பெரிய கட்டடத்தைக் காட்டும்போது அதைக் கட்டியவர் யார், அதற்கான பணத்தை உழைத்துத் தந்தவர் யார் என்பதையும் கேட்டு வையுங்கள். உடனே பதில் தெரியாவிட்டாலும் பாதகமில்லை; பிள்ளைகளே தேடிக் கண்டுபிடித்து வருவார்கள்.

அடுத்த விடுமுறைக்கு வேன் பேசும்போது, பாட்டியையும் தாத்தாவையும் முன் இருக்கையில் ஏற்றிக்கொள்ளுங்கள். முதல் நிறுத்தம் எது என்று அவர்களைக் கேளுங்கள். அவர்கள் வேலை செய்த பழைய தோட்டமாக அது இருந்தால், பத்து நிமிடம் அல்ல, ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.